சுகாதாரம் அவருக்கு, நோயாளிகள் இவருக்கு

1

இந்தக் கதை என் துணிக்கடையில் பிறந்தது. சென் ஒரேல் தீவில் ஓர் அரசு கவிழ்ந்தால் முன்தெருவில் இருக்கும் என் கடைக்கு நல்ல காலம். ஆளுநர் மாளிகையில் பழைய உடையோடு போய் யாரும் பதவியேற்க மாட்டார்கள். அமைச்சருக்குத் துணி, மனைவிக்குத் துணி, அம்மாவுக்குத் துணி, தொப்பிக்குத் தனியாக நாடா. போன அமைச்சரே மறுபடி அமைச்சராக வந்தாலும் புதுத் துணிதான். ஆகவே இந்தத் தீவின் கூட்டணி ஆட்சிகளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியற்ற ஆள் கிடைக்கமாட்டான். தெரிந்துகொண்டே படியுங்கள்.

இங்கே என்னை எல்லோரும் மிஸ்டர் ராஜ் என்கிறார்கள். என் பெயர் அதுவல்ல. கொஞ்ச காலம் திருத்திப் பார்த்தேன். பிறகு மிஸ்டர் ராஜாகவே திருமணப் பத்திரிகைகளும் சாவு அறிவிப்புகளும் வாங்கப் பழகிவிட்டேன்.

தேர்தல் முடிந்து, பேரமும் முடிந்து, அமைச்சரவைப் பட்டியல் முடிவான மறுநாள் காலையில், அது வெளியாவதற்குள், மிஸ் இஸ்மீனியா லேக் கடைக்கு வந்தார்.

"எந்தக் கட்சிக் கலரும் இல்லாத துணி இருக்கா, மிஸ்டர் ராஜ்?"

நீலம் ஆளப்போகும் கட்சி, மஞ்சள் எதிர்க்கட்சி, வெள்ளை பாஸ்டரின் கட்சி. சாம்பல் நிறத்தில் ஒரு துணியை எடுத்து விரித்தேன். வாழ்த்துச் சொல்லிவிட்டு, சுகாதாரம்தானே என்று கேட்டேன். தீவு முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

"வானிலை," என்றார்.

"வெளிய மழை வர்ற மாதிரி இருக்கா?"

"இல்ல மிஸ்டர் ராஜ். நான்தான் வானிலை. முதியோர், பண்பாடு, வானிலை."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு கடையில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து, காத்திருந்து, போய்விட்டார்கள். அன்றைக்கே எழுதுவது என்று தீர்மானித்தேன்.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "கரீபியக் கடலின் நீலத்தில் மரகதத் துளியாய் மிதக்கும் சின்னஞ்சிறு சென் ஒரேல்—"

(நிறுத்திவிட்டேன். இது சுற்றுலாத் துறையின் வாசகம். அந்தத் துறையும் யாரோ ஒருவருடைய மைத்துனரிடம்தான் இருக்கிறது.)

2

இஸ்மீனியா லேக் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வானொலியில் காலை நேரத்தில் பொதுமக்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பதினெட்டு ஆண்டுகள் அதை அவர்தான் நடத்தினார். யாராவது கூப்பிட்டுத் தெருவில் குழி என்பார்கள். இஸ்மீனியா அந்தக் குழிக்குப் பொறுப்பான அமைச்சரைப் பெயர் சொல்லித் திட்டுவார். குழி அப்படியே இருக்கும். ஆனால் கூப்பிட்டவருக்கு ஒரு நிம்மதி. இந்தத் தீவில் அரசாங்கம் மக்களுக்குச் செய்த ஒரே சேவை, இஸ்மீனியா திட்டுவதற்குக் காரணங்களைத் தவறாமல் வழங்கியதுதான்.

அவருக்குத் திருமணம் ஆகவில்லை. தம்பி வில்மட்டோடு மேட்டுத்தெருவில் இருந்தார். வில்மட் கப்பல் துறையில் கிரேன் ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய் வேலையை விட்டார். எங்கள் மருத்துவமனையில் டயாலிசிஸ் கிடையாது. கட்டடம் உண்டு, அதற்கு அடிக்கல் நாட்டியவர்களின் கல்வெட்டுகள் உண்டு, இயந்திரம் கிடையாது. வில்மட்டும் அவரைப் போன்ற இன்னும் சிலரும் வாரத்துக்கு மூன்று முறை அரசு பிடித்துக்கொடுக்கும் சிறிய விமானத்தில் பக்கத்துத் தீவுக்குப் போய், ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, சாயங்காலம் துவண்டுபோய்த் திரும்பி வருவார்கள்.

இந்த ஒன்றுக்காகத்தான் இஸ்மீனியா வானொலியை விட்டுத் தேர்தலில் நின்றார். கட்சி என்று பெயர் வைத்தாரே தவிர, அவர்தான் தலைவர், அவர்தான் தொண்டர். டயாலிசிஸ் இயந்திரம் இந்தத் தீவுக்கு வரும். வரவில்லையென்றால் என்னை வானொலியில் கூப்பிட்டுத் திட்டுங்கள். அவ்வளவுதான் தேர்தல் அறிக்கை. உப்புக்குளத்தை ஒட்டிய கீழ்க்கரைச் சனங்கள் அப்படியே திரண்டு வந்து ஓட்டுப் போட்டார்கள்.

அவையில் பதினோரு இடம். நீலம் ஐந்து, மஞ்சள் நான்கு, பாஸ்டர் எலியாகிம் ஒன்று, இஸ்மீனியா ஒன்று. ஆட்சி அமைக்க ஆறு வேண்டும். இந்தக் கதைக்கு வேண்டிய கணக்கு இவ்வளவுதான். இதற்கு மேல் கணக்கு தெரிந்தவர்கள் எங்கள் தீவில் அமைச்சர் ஆவதில்லை.

நீலக் கட்சித் தலைவர் தாடியூஸ் பெம்பர்டன் முதலில் பாஸ்டரிடம்தான் போனார். பாஸ்டர் மூன்று நாள் ஜெபித்தார். நிதி அமைச்சைத் தவிர வேறு எதையும் ஏற்கக் கர்த்தர் அனுமதிக்கவில்லை என்று பதில் சொன்னார். நிதியைத் தாடியூஸ் தனக்கு வைத்திருந்தார். ஆகவே கர்த்தரோடு பேச்சுவார்த்தை முறிந்தது. அதன் பிறகுதான் மேட்டுத்தெருவில் தாடியூஸின் கார் நின்றது.

3

தாடியூஸை நான் வில்லனாக எழுத நினைத்தேன். வரவில்லை. வில்லனுக்குக் கொஞ்சமாவது முதுகெலும்பு வேண்டும். அவர் எல்லோரிடமும் பிரியமாக இருப்பவர், யார் கேட்டாலும் சரி என்பவர், இரண்டு பேர் ஒரே பொருளைக் கேட்டால் அதை இரண்டாக வெட்டுபவர். பதினெட்டு ஆண்டுகள் தன்னை வானொலியில் கிழித்த பெண்ணின் வீட்டுக்கு உப்புமீனும் ஜானி கேக் என்னும் பொரித்த ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனார். வில்மட்டுக்கு உப்பு ஆகாது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வாங்கித்தான் போயிருப்பார்.

"சிஸ்டர் லேக், என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார்.

"சுகாதாரம்."

"எடுத்துக்கங்க," என்றார். அவ்வளவு சுலபமாகச் சொன்னதிலேயே இஸ்மீனியா சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டார்கள். வில்மட் காபி போட்டுக் கொடுத்தார்.

நீலக் கட்சியின் ஐந்து பேரில் ஒருவர் ரூஃபஸ் கோனர். சிமெண்டும் கல்லும் விற்பவர். கீழ்க்கரையில் பாதிப் பேரும் மேட்டுத்தெருவில் மீதிப் பேரும் அவருக்கு ஏதோ ஒரு வகையில் கடமைப்பட்டவர்கள். கையெழுத்தான செய்தி கேட்டதும் அவர் தாடியூஸின் வீட்டுக்குப் போய், மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் வரப்போகிறது, அதைக் கட்டும் அமைச்சு தனக்கு வேண்டும், இல்லையென்றால் மஞ்சளுக்குப் போய்விடுவேன் என்றார். குரலை உயர்த்தவேயில்லை.

தாடியூஸ் சுகாதாரத்தை இரண்டாக வெட்டினார்.

கட்டடம், மருந்துக் கொள்முதல், மருத்துவமனை எல்லாம் 'சுகாதாரம்'. அது ரூஃபஸுக்கு. மீதி 'நலவாழ்வு'. அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால், வெறுமையாகத் தெரியாமல் இருக்க முதியோரையும் பண்பாட்டையும் வானிலையையும் சேர்த்தார்கள். மற்ற இலாகாக்களும் இப்படித்தான் பிரிந்தன. கல்வி, பள்ளிப் பேருந்து ஓட்டுபவருக்குப் போனது. நீதி, கட்சியின் மூத்தவருக்கு. அவர் அவையில் தூங்குவார், நீதிக்கு அது பொருத்தம் என்று கருதப்பட்டது. போக்குவரத்து, தாடியூஸின் தங்கையை மணந்தவருக்கு. ஆளும் தரப்பில் ஆறு பேர், ஆறு பேரும் அமைச்சர்கள். பின்வரிசையில் உட்கார ஆளில்லை. ஓர் அமைச்சர் பேசும்போது மேசையைத் தட்டுவதற்குக்கூட இன்னோர் அமைச்சரைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

பட்டியல் முடிவான அன்று தாடியூஸ் இஸ்மீனியாவை அழைத்து விளக்கினார். "பாருங்க சிஸ்டர், சுகாதாரம்ங்கறது கட்டடம். அத ரூஃபஸ் பாத்துக்கட்டும். மனுஷங்க உங்களுக்கு. மனுஷங்கதான் பெரிசு, இல்லையா?"

4

இங்கேதான் என் கதை ஒரு தடவை நின்றுபோனது.

இஸ்மீனியா எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். நான் அப்படித்தான் எழுதினேன். ஒரு முழுப் பக்கம். "'என் மக்களின் ரத்தத்தை நீங்கள் இரண்டாகப் பிரிக்க முடியாது,' என்று முழங்கிவிட்டு அவர் கதவைத் திறந்தபோது, வெளியே காற்று—"

அந்தப் பக்கத்தை அவரிடமே படித்துக் காட்டினேன். கடையில் வைத்துத்தான். பொறுமையாகக் கேட்டார்.

"நான் இப்படியெல்லாம் பேசல, மிஸ்டர் ராஜ்."

"பின்ன என்ன சொன்னீங்க?"

"கையெழுத்துப் போடப் பேனா இருக்கான்னு கேட்டேன்."

(கதாநாயகிகள் நம் கையை விட்டுப் போவது இப்படித்தான். நாம் முழக்கம் எழுதிக்கொடுப்போம், அவர்கள் பேனா கேட்பார்கள்.)

ஏன் என்று கேட்டேன். வெளியே நின்றால் ஒன்றும் கிடைக்காது, உள்ளே இருந்தால் பாதியாவது கிடைக்கும் என்று நினைத்ததாகச் சொன்னார். இதையே வேறு யாராவது சொல்லியிருந்தால், வானொலியில் அரை மணி நேரம் கிழித்திருப்பார். அதையும் அவரே சொன்னார்.

எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது அன்றுதான். கதையைத் தொடர்ந்ததும் அதனால்தான். பிடித்துப்போன ஆளைப் பற்றி எழுதினால் கதை புகழுரையாகிவிடும், அதற்கு இங்கே அரசுப் பத்திரிகை இருக்கிறது.

5

புது அமைச்சரவையில் முதலில் செத்தவர் சைலஸ் ப்ரூக்ஸ். அவர் அமைச்சர் இல்லை. அமைச்சர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சைலஸ் வில்மட்டின் டொமினோ கூட்டாளி. மரத்தடி மேசையில் ஆட்டத்திலும் சரி, விமானத்தில் பக்கத்து இருக்கையிலும் சரி, இருவரும் ஒன்றாகத்தான் இருப்பார்கள். நோயாளிகளை ஏற்றிப்போகும் விமானத்தின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. புதுப்பிக்க ஓர் அமைச்சரின் கையெழுத்து வேண்டும். எந்த அமைச்சர் என்பதுதான் கேள்வி.

விமானத்தில் இருப்பவர் மருத்துவமனையில் இல்லை, ஆகவே அவர் நலவாழ்வு என்றது ரூஃபஸின் அலுவலகம். இஸ்மீனியா அன்றே கையெழுத்துப் போட்டார். கருவூலம் அதைத் திருப்பி அனுப்பியது. நலவாழ்வுக்கு ஒதுக்கியதில் முதியோர் விருந்து உண்டு, பண்பாட்டு ஊர்வலம் உண்டு, விமானம் இல்லை. விமானம் என்றால் போக்குவரத்து என்றார்கள். போக்குவரத்து அமைச்சர், ஏறுபவர்கள் நோயாளிகள், ஆகவே சுகாதாரம் என்றார். அமைச்சரவைக் கூட்டத்தில் இஸ்மீனியா இதை எழுப்பினார். புதிய ரவுண்டானாவுக்குப் பெயர் வைப்பது முதல் பொருளாக இருந்தது. அதிலேயே மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. அடுத்த வாரம் முதல் வேலையாக எடுத்துக்கொள்வோம் சிஸ்டர் என்றார் தாடியூஸ்.

ராஜினாமா செய்கிறேன் என்று இஸ்மீனியா எழுந்தார். செய்தால் ஆட்சி போகும், மஞ்சள் வருவதற்கு மாதங்கள் ஆகும், அதுவரை கையெழுத்துப் போட எந்த அமைச்சருமே இருக்கமாட்டார் என்று தாடியூஸ் வருத்தத்தோடு எடுத்துச் சொன்னார். அது உண்மை. இஸ்மீனியா உட்கார்ந்தார்.

விமானம் நின்றது. நோயாளிகள் படகில் போனார்கள். அந்த வாரம் கடல் மோசம். வில்மட் வாந்தி எடுத்துக்கொண்டே போய், வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார். சைலஸ் ஒரு முறை போனார். அடுத்த முறை படகுத்துறை வரைக்கும் வந்து, அலைகளைப் பார்த்துவிட்டு, இன்னொரு நாள் போகிறேன் என்று திரும்பிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்தார்.

அடக்க ஆராதனைக்கு அமைச்சரவை முழுதும் வந்தது. முன்வரிசையில் ஆறு பேரும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். பதவியேற்றதற்குப் பிறகு அவர்கள் ஒருமித்துச் செய்த முதல் காரியம் அதுதான். ரூஃபஸ் அஞ்சலி உரை ஆற்றினார். சைலஸின் சிரிப்பைப் பற்றி அவர் பேசியது நன்றாகவே இருந்தது, சிலர் அழுதார்கள். தாடியூஸ் விதவையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதை அரசுப் பத்திரிகைக்காரர் படம் பிடித்தார். அடுத்த நாள் காலை விமான ஒப்பந்தத்தில் மூன்று அமைச்சர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். யாருடைய இலாகா என்ற கேள்வி யாருக்கும் நினைவில்லை.

கல்லறையிலிருந்து வரும் வழியில் வில்மட் அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சைலஸ் எந்த அமைச்சுக்குக் கீழ செத்தான், இஸ்மி?"

இதை எனக்குச் சொல்லும்போது இஸ்மீனியா துணி மடிக்கும் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் முக்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

6

சர்ச் மண்டபத்தில் ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். ரூஃபஸ் தட்டோடு வந்து இஸ்மீனியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

(அடக்கத்தன்றே பேரமா, நம்பும்படி இல்லையே என்று நினைக்கிறீர்கள். நானும் இந்தக் காட்சியை வேறு நாளுக்கு மாற்றி எழுதிப் பார்த்தேன். ஆனால் எங்கள் அரசியல்வாதிகளை ஒரே இடத்தில் பிடிக்க வேண்டுமென்றால் சாவுதான் வசதி. பாதிக் கூட்டணிகள் ஆட்டுக்கறியைச் சுற்றித்தான் உருவாகின்றன.)

"நான் கெட்டவன்னு ரேடியோவுல எத்தனையோ தடவ சொல்லிட்டீங்க, மிஸ் லேக்," என்று ஆரம்பித்தார். "நான் மறுத்துப் பேச வரல. தாடியூஸ் நல்லவரு. அந்த நல்லவரு உங்களுக்கு என்ன குடுத்தாரு? வானிலை."

இஸ்மீனியா குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டார்.

"மஞ்சள்ல நாலு பேரு. நான் போனா அஞ்சு. நீங்க வந்தா ஆறு. முதல்வர் பதவியும் நில இலாகாவும் எனக்கு. சுகாதாரம் உங்களுக்கு. வெட்டாம, முழுசா. மெஷின நான் வரவச்சுத் தர்றேன். என் வார்த்தைய நான் மீறினதா ஊர்ல ஒருத்தர சொல்லச் சொல்லுங்க."

அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை என்பது இஸ்மீனியாவுக்குத் தெரியும். ரூஃபஸ் சிமெண்ட் தருகிறேன் என்றால் சிமெண்ட் வரும். பதிலுக்கு என்ன போகும் என்பதுதான் பிறகு தெரியும்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னார். ரூஃபஸை முதல்வராக்குவது என்றால் இத்தனை வருடம் வானொலியில் பேசியதையெல்லாம் விழுங்க வேண்டும், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

"என்னக் கேக்காத," என்றார் வில்மட். "நான் மெஷின் வேணும்ங்கற ஆளு. பிசாசு கொண்டுவந்து குடுத்தாலும் கைய நீட்டிடுவேன். அதனாலதான் என்னக் கேக்கக் கூடாது."

அடுத்த வாரம் ஆட்சி கவிழ்ந்தது. தாடியூஸ் கண் கலங்கினார். இஸ்மீனியாவைக் குறை சொல்லக்கூட அவருக்கு வரவில்லை, நிலைமை அப்படி என்று மட்டும் சொன்னார். மஞ்சள் கட்சி நான்கு பேரும் அமைச்சர்கள் ஆனார்கள். நீதி மட்டும் இந்த முறை தூங்காத ஒருவரிடம் போனது. அவர் மேல் மூன்று வழக்குகள் இருந்தன, தூங்க முடியாது. நிதியைக் கேட்டுப் பாஸ்டர் மறுபடி ஜெபித்தார். ரூஃபஸ் அவருடைய தொலைபேசியை எடுக்கவேயில்லை. அன்றிலிருந்து பாஸ்டரின் பிரசங்கங்களில் பெயர் சொல்லப்படாத பாவியாக ரூஃபஸ் வர ஆரம்பித்தார்.

7

நான் எதிர்பாராதது நடந்தது. ரூஃபஸ் சொன்னதைச் செய்தார்.

(இது கதைக்குப் பெரிய இடைஞ்சல். அவர் ஏமாற்றியிருந்தால் நான் பாதி வேலையோடு முடித்திருப்பேன். நீங்களும் தலையை ஆட்டிவிட்டுப் புத்தகத்தை மூடியிருப்பீர்கள்.)

மருத்துவமனையின் பழைய சலவை அறையை இடித்துப் பெரிதாக்கி, நான்கு நாற்காலிகளும் இயந்திரங்களும் வந்து இறங்கின. பக்கத்துத் தீவிலிருந்து செவிலியர் இருவர் வந்தார்கள். வாசல் கல்வெட்டில் ரூஃபஸ் கோனரின் பெயர் பெரிதாகவும், கீழே இஸ்மீனியாவின் பெயர் எழுத்துப் பிழையோடும் இருந்தது. முதல் நாள் முதல் நாற்காலியில் வில்மட் படுத்தார். நான் போய்ப் பார்த்தேன். நேர் எதிர்ச் சுவரில் முதல்வரின் படம் தொங்கியது. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட முடியுமா என்று வில்மட் செவிலியரிடம் கேட்டார். குழாய் எட்டாது என்று அவர் சொன்னார். சரி, கண்ணை மூடிக்கொள்கிறேன் என்றார் வில்மட்.

அன்று மத்தியானம் வீட்டில் சாப்பிட்டு, மாலையில் மரத்தடிக்கு வந்து டொமினோ ஆடினார். நோய் வந்த பிறகு, இயந்திரத்துக்குப் போன நாளில் அவர் மேசைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. இஸ்மீனியா காரை நிறுத்திவிட்டு, இறங்காமல், தூரத்திலிருந்தே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கதையில் நான் யாரையும் கேலி செய்யாமல் எழுதிய இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இதையும் கேலி செய்து பார்த்தேன். கேலி ஒட்டவில்லை.

பிறகு ரூஃபஸ் நில இலாகாவைப் பயன்படுத்தினார். உப்புக்குளத்தைத் தூர்த்து ஒரு ஹோட்டல்காரருக்குக் கொடுக்க ஆணை பிறந்தது. மேட்டிலிருந்து ஓடிவரும் மழைத்தண்ணீர் நிற்கும் ஒரே பள்ளம் அந்தக் குளம். பாதி தூர்த்திருக்கும்போதே பெரிய மழை பெய்தது. போக்கிடம் இல்லாத தண்ணீர் கீழ்க்கரை வீடுகளுக்குள் போனது. கட்டில் கால் வரை வந்ததாகச் சொன்னார்கள்.

மறுநாள் காலை வானொலியில் கீழ்க்கரை மிஸ் ஒடெட் பேசினார். இப்போது அந்த நிகழ்ச்சியை நடத்துபவர் ஓர் இளைஞர், எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுபவர்.

"முன்னல்லாம் நான் கூப்பிட்டா மிஸ் லேக் எனக்காகக் கத்துவாங்க," என்றார் மிஸ் ஒடெட். "நீ நல்ல புள்ளதான், தம்பி. ஆனா உனக்குக் கத்தத் தெரியல. அவங்க எங்க இருக்காங்க? என் ஓட்டு அவங்ககிட்டதான் இருக்கு. கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."

இஸ்மீனியா அலுவலகத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நேராக ரூஃபஸிடம் போனார். குளத்தை விடுங்கள் என்றார்.

"விட்டுடலாம்," என்றார் ரூஃபஸ். "நாலு நாற்காலிக்கு மாசாமாசம் மருந்து, ஃபில்டர், நர்ஸ் சம்பளம். அது எங்கேர்ந்து வருதுன்னு நினைச்சீங்க? ஹோட்டல்காரர் போடறாரு. குளம் இல்லன்னா அவரு இல்ல. அவரு இல்லன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். "நான் ஒளிக்கல, மிஸ் லேக். நீங்க கேக்கல."

8

தாடியூஸ் மறுபடி மேட்டுத்தெருவுக்கு வந்தார். இந்த முறை பழம். அதுவும் வில்மட்டுக்கு ஆகாது.

ரூஃபஸ் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் திங்கட்கிழமை வருகிறது. நீலத்தில் மீந்திருக்கும் நால்வரும் பாஸ்டரும் சேர்ந்தால் ஐந்து, நீங்கள் ஆறு என்றார். முதல் வேலையாகக் குளத்து ஆணையை ரத்து செய்வோம் என்றார். சுகாதாரம் யாருக்கு என்று இஸ்மீனியா கேட்டார். தாடியூஸ் நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார்.

"நிதிய நான் வச்சுக்கறதால, பாஸ்டர் இந்தத் தடவ சுகாதாரம் கேக்கறாரு, சிஸ்டர். அவருக்கு அப்படித்தான் வெளிப்பாடு வந்திருக்கு."

"நாலு நாற்காலி?"

"அதப் பத்தி உக்காந்து பேசலாம். ஒரு குழு போடலாம்."

குழு என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளறையிலிருந்து வில்மட் இருமினார்.

கீழ்க்கரைக்காரர்கள் அந்த வாரம் முழுவதும் இஸ்மீனியாவின் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். நாற்காலியில் படுக்கும் மற்றவர்களின் வீட்டுக்காரர்களும் வந்தார்கள். வாசலில் இரண்டு கூட்டமும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, காலை வணக்கம் சொல்லிக்கொண்டன. இந்தத் தீவில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். மிஸ் ஒடெட்டின் அண்ணன் மூன்றாவது நாற்காலியில் படுப்பவர்.

திங்கட்கிழமைக்கு நான் எழுதி வைத்திருந்த முடிவுகள்:

ஒன்று. இஸ்மீனியா தீர்மானத்தை ஆதரிக்கிறார். குளம் பிழைக்கிறது. குழு போடப்படுகிறது. குழுவின் தலைவர் பதவிக்கு மூன்று பேர் போட்டியிடுகிறார்கள். அதற்குள் செவிலியர் இருவரும் ஊருக்குத் திரும்புகிறார்கள்.

இரண்டு. எதிர்த்து வாக்களிக்கிறார். நாற்காலிகள் பிழைக்கின்றன. அடுத்த மழையில் கீழ்க்கரையில் ஒரு குழந்தை— (இதை முடிக்க எனக்கு மனமில்லை.)

மூன்று. அன்று அவருக்குக் காய்ச்சல். எங்கள் அவையில் மனசாட்சிக்கு வரும் வழக்கமான நோய் அது. ஐந்துக்கு ஐந்து, தீர்மானம் தோற்கிறது, யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் பார்த்தவரை மற்றவர்கள் எல்லோரும் இதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

அவருக்குக் காய்ச்சல் வரவில்லை. திங்கட்கிழமை காலை தம்பியை நாற்காலியில் விட்டுவிட்டு, அங்கிருந்து நேராக அவைக்கு வந்தார். பார்வையாளர் பகுதியில் நான் இருந்தேன், மிஸ் ஒடெட் இருந்தார், இடமில்லாமல் ஆட்கள் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பெயர் சொல்லி அழைக்கும் வாக்கெடுப்பு, வானொலியில் நேரடி ஒலிபரப்பு. பத்துப் பேர் சொல்லிவிட்டார்கள். ஐந்துக்கு ஐந்து. மருத்துவமனையில் வானொலியை நிறுத்தட்டுமா என்று செவிலியர் கேட்டதாகவும், வேண்டாம், இருக்கட்டும் என்று வில்மட் சொன்னதாகவும் பிறகு கேள்விப்பட்டேன்.

"மாண்புமிகு இஸ்மீனியா லேக்," என்றார் அவைத்தலைவர்.

அவர் எழுந்தார். வாயைத் திறந்தார்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். தீவு முழுவதுக்கும் தெரியும். நான் எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களுக்கு வசதியாகிவிடும். அவரை மெச்சவோ தூற்றவோ ஓர் இடம் கிடைத்துவிடும், நீங்கள் கைகழுவிக்கொண்டு சாப்பிடப் போய்விடுவீர்கள்.

அதனால் நீங்களே சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் மருத்துவமனைக்குப் போய், மூன்றாவது நாற்காலியில் படுத்திருப்பவரின் முகத்தைப் பார்த்து உங்கள் பதிலை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பிறகு கீழ்க்கரைக்கு இறங்கி, அவருடைய தங்கையின் வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீரில் நின்று இன்னொரு முறை சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே பதிலைச் சொல்ல முடிந்தால் உங்களுக்கு என் வணக்கம். இடத்துக்கு ஏற்றபடி பதில் மாறி வருகிறதென்றால், அதற்கும் வெட்கப்பட வேண்டாம். எங்கள் அமைச்சரவையில் உங்களுக்கு ஓர் இலாகா பிரித்துத் தருவார்கள்.